கொலஸ்ட்ராலுக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை விட்டு சப்ளிமென்ட்: ஐந்து டப்பாக்களில் என்ன இருக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 52, எடை 84 கிலோ. அண்மைப் பரிசோதனையில் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) 7.4 சதவீதம், மொத்த கொலஸ்ட்ரால் 228, எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) 148, எச்.டி.எல். (நல்ல கொலஸ்ட்ரால்) 38, ட்ரைகிளிசரைடு (இரத்தக் கொழுப்பு) 210. மருத்துவர் இரவில் அட்டோர்வாஸ்டாட்டின் 20 மி.கி., காலை மாலை மெட்ஃபார்மின் 500 மி.கி. எழுதித் தந்தார். அதே வாரம் நண்பர் சொல்லி சிவப்பு ஈஸ்ட் அரிசி, பெர்பெரின், லவங்கப்பட்டை, குரோமியம், மீன் எண்ணெய் ஆகிய ஐந்து சப்ளிமென்ட்களையும் வாங்கினேன். ஒரு மாதம் எல்லாவற்றையும் சேர்த்தே சாப்பிட்டேன். இரண்டு தொடையும் வலித்தன, வயிறு ஓயாமல் போனது. மாத்திரைகளை நிறுத்தியதும் வலியும் வயிற்றுப்போக்கும் பாதியாகக் குறைந்தன. இப்போது சப்ளிமென்ட் மட்டும்தான். இதய நோய் வந்ததில்லை. சிறுநீரகமும் கல்லீரலும் சரியாக இருப்பதாகச் சொன்னார்கள். இயற்கையானவற்றை வைத்தே சமாளிக்க முடியாதா? மாத்திரை என்றால் வாழ்நாள் முழுக்கவா?

பதில்: உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி, எல்லாவற்றையும் ஒரு மாதம் சேர்த்துச் சாப்பிட்டேன் என்பது. தொடை வலிக்கும் வயிற்றுப்போக்கும் காரணம் மருத்துவர் கொடுத்த மாத்திரைகள்தான் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். நிறுத்தியதும் குறைந்ததால் அப்படி நினைப்பது இயல்பு. ஆனால் பாதிதான் குறைந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மீதிப் பாதி இன்னும் உங்கள் சப்ளிமென்ட் டப்பாக்களில் இருக்கிறது என்றே நினைக்கிறேன். காரணத்தைச் சொல்கிறேன்.

சிவப்பு ஈஸ்ட் அரிசி என்பது மொனாஸ்கஸ் என்ற பூஞ்சையை அரிசியில் புளிக்க வைத்துச் செய்வது. அதில் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் பொருளின் பெயர் மோனகோலின் கே. 1987-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் ஸ்டாட்டின் (கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மருந்து வகை) மாத்திரையான லவாஸ்டாட்டினும் இதுவும் ஒரே வேதிப்பொருள். அணுவுக்கு அணு ஒன்றுதான். மருத்துவர் தந்த அட்டோர்வாஸ்டாட்டினும் ஒரு ஸ்டாட்டின்தான். ஆக, அந்த மாதம் நீங்கள் ஒரே நேரத்தில் இரண்டு ஸ்டாட்டின் சாப்பிட்டிருக்கிறீர்கள். இன்றைக்கும் ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள். அதன் அளவு எவ்வளவு என்பது மட்டும் உங்களுக்கும் தெரியாது, உங்கள் மருத்துவருக்கும் தெரியாது.

அளவு தெரியாது என்று நான் சொல்வது மிகையல்ல. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்கக் கடைகளில் விற்கும் 28 தயாரிப்புகளைச் சோதித்தார்கள். இரண்டில் மோனகோலின் கே இல்லவே இல்லை. மற்றவற்றில் 1,200 மி.கி. தூளுக்கு 0.09 மி.கி. முதல் 5.48 மி.கி. வரை, அதாவது அறுபது மடங்கு வித்தியாசம். டப்பாவின் மேல் எழுதியிருக்கும் 600 மி.கி., 1,200 மி.கி. எல்லாம் அரிசித்தூளின் எடை. உள்ளே இருக்கும் மருந்தின் அளவு அதில் இராது. இந்த மாதம் வாங்கியதும் அடுத்த மாதம் வாங்குவதும் ஒரே அளவாக இருக்கும் என்பதற்கும் உறுதி கிடையாது.

பூஞ்சைப் புளிப்பில் இன்னோர் ஆபத்தும் உண்டு. சிட்ரினின் என்ற சிறுநீரக நஞ்சு அதில் உண்டாகலாம். 2024-இல் ஜப்பானில் சிவப்பு ஈஸ்ட் அரிசி சப்ளிமென்ட் சாப்பிட்ட பலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, அந்தத் தயாரிப்புகள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. வேறொரு பூஞ்சை கலந்து ப்யூபெருலிக் அமிலம் உருவாகியிருந்ததைக் கண்டறிந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2022-லேயே ஒரு நாள் அளவில் மோனகோலின் 3 மி.கி.க்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்று வரம்பு போட்டுவிட்டது. சர்க்கரை நோய் உள்ளவருக்குச் சிறுநீரகம்தான் பத்திரமாகக் காக்க வேண்டிய உறுப்பு. ஐந்தில் உடனே நிறுத்த வேண்டியது எது என்று கேட்டால், என் பதில் இதுதான்.

இரண்டாவது பெர்பெரின். இதை வெறும் இலை தழை என்று தள்ளிவிட முடியாது, உடலில் உண்மையாகவே வேலை செய்யும் பொருள் இது. 500 மி.கி. வீதம் நாளுக்கு இரண்டு மூன்று முறை கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வுகளில் சர்க்கரையும் எல்.டி.எல்.லும் குறைந்திருக்கின்றன. பெரும்பாலானவை சில மாத ஆய்வுகள். பெர்பெரின் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ குறைந்தது என்று காட்டும் பெரிய, நீண்ட ஆய்வு எதுவும் இல்லை. உங்கள் கதையில் அது செய்த கெடுதல் இரண்டு. ஒன்று, வயிற்றுப்போக்கு. பெர்பெரினுக்கும் மெட்ஃபார்மினுக்கும் அதிகம் வரும் பக்கவிளைவு அதுவே, இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் குடல் தாங்காது. இரண்டு, கல்லீரலில் அட்டோர்வாஸ்டாட்டினைச் சிதைத்து வெளியேற்றும் நொதியை பெர்பெரின் தடுக்கிறது. அதனால் 20 மி.கி. விழுங்கினாலும் இரத்தத்தில் அதற்கு மேலான அளவு நிற்கக்கூடும். மோனகோலின் கே-யையும் அதே நொதிதான் சிதைக்கிறது. இரண்டு ஸ்டாட்டின், இரண்டும் வெளியேறும் வழியில் அடைப்பு. தொடை வலித்ததில் வியப்பில்லை.

இப்போது கணக்கைப் பார்ப்போம். சப்ளிமென்ட் போதுமா போதாதா என்ற கேள்விக்கு அதுதான் நேர்மையான பதில் தரும்.

சர்க்கரை நோயோடு எச்.டி.எல். 38-ஆகவும் உள்ள 52 வயதுக்காரருக்கு எல்.டி.எல். 70-க்குக் கீழே வர வேண்டும் என்பதே இன்றைய மருத்துவ வழிகாட்டுதல். 148-லிருந்து 70 என்றால் பாதிக்கும் மேல் குறைய வேண்டும். மருந்தல்லாதவற்றில் நம்பத்தக்க சான்று உள்ளவை எவை? தாவர ஸ்டெரால் நாளுக்கு 2 கிராம், சாப்பாட்டோடு சேர்த்து எடுத்தால் எல்.டி.எல். 8 முதல் 10 சதவீதம் குறையும். இசப்கோல் உமி நாளுக்குச் சுமார் 10 கிராம், அதில் கரையும் நார் 7 கிராம் இருக்கும். இது 5 முதல் 10 சதவீதம். நிறைவுற்ற கொழுப்பைக் கண்டிப்பாகக் குறைத்தால் இன்னொரு 10 சதவீதம் வரலாம். மூன்றையும் ஒரு நாளும் தவறாமல் செய்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். 148 முதலில் 135 ஆகும், பிறகு 125, பிறகு 113. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அங்கேயே நின்றுவிடும். சதவீதங்களைக் கூட்டக் கூடாது, ஒவ்வொன்றும் மீதியிலிருந்துதான் குறைக்கிறது என்பதையும் கவனியுங்கள். சப்ளிமென்ட் விளம்பரங்கள் பெரும்பாலும் கூட்டித்தான் காட்டும்.

மறுபக்கம், ரோசுவாஸ்டாட்டின் 5 மி.கி. என்ற சிறிய அளவே 38 சதவீதம் குறைக்கும்: 148 என்பது 92 ஆகும். அதோடு, குடல் கொலஸ்ட்ராலை உறிஞ்சுவதைத் தடுக்கும் எசெடிமைப் 10 மி.கி. சேர்த்தால் மேலும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து 73. அதற்கு மேல் இசப்கோல் சேர்த்தால் 68. இலக்கு வந்துவிட்டது. இசப்கோலுக்கு இந்தக் கணக்கில் உண்மையான இடம் உண்டு, அது கடைசி அடியை எடுத்துவைக்கிறது. முதல் அடியை அதனால் எடுக்க முடியாது.

இந்த 38 சதவீதம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2022-இல் வெளியான ஆய்வு ஒன்றில், 40 முதல் 75 வயதுக்குள் 199 பேரைப் பிரித்து, சிலருக்கு ரோசுவாஸ்டாட்டின் 5 மி.கி., சிலருக்கு வெற்று மாத்திரை, மற்றவர்களுக்கு மீன் எண்ணெய், பட்டை, பூண்டு, மஞ்சள், தாவர ஸ்டெரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி ஆகியவற்றில் ஒன்று என்று 28 நாள் கொடுத்தார்கள். ரோசுவாஸ்டாட்டின் எடுத்தவர்களுக்கு எல்.டி.எல். சுமார் 38 சதவீதம் குறைந்தது. ஆறு சப்ளிமென்ட்களில் எதுவும் வெற்று மாத்திரையை விடக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. பூண்டு எடுத்தவர்களுக்குச் சற்று ஏறியது. ஆய்வுக்குப் பணம் தந்தது அந்த ஸ்டாட்டினைத் தயாரிக்கும் நிறுவனம். 28 நாள் என்பதும் குறுகிய காலம். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். தாவர ஸ்டெராலுக்கு மற்ற பல ஆய்வுகளில் நான் மேலே சொன்ன அளவு பலன் கிடைத்திருக்கிறது. ஆனால் ஸ்டாட்டினுக்கும் மற்றவற்றுக்கும் உள்ள இடைவெளி, பணம் யார் கொடுத்தார்கள் என்பதால் விளக்கிவிடக்கூடிய அளவில் இல்லை.

இரத்தத்தில் எண் குறைவதை விட முக்கியமானது, மாரடைப்பு குறைகிறதா என்பது. ஸ்டாட்டினுக்கு அந்தச் சான்று முப்பது ஆண்டுகளாகக் குவிந்திருக்கிறது. இதய நோய் உள்ள 4,444 பேரிடம் நடந்து 1994-இல் வெளியான ஆய்வில் சிம்வாஸ்டாட்டின் எடுத்தவர்களிடையே இறப்பே 30 சதவீதம் குறைந்தது. உங்கள் நிலைக்கு இன்னும் பொருந்துவது 2004-இல் வந்தது: இதய நோய் வராத, இரண்டாம் வகை சர்க்கரை நோயாளிகள் 2,838 பேருக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. அல்லது வெற்று மாத்திரை. மருந்து எடுத்தவர்களுக்குப் பெரிய இதய, இரத்தநாள பாதிப்புகள் 37 சதவீதம் குறைந்தன. பொதுவான கணக்கு என்னவென்றால், எல்.டி.எல். ஒவ்வொரு 39 மி.கி. குறையும்போதும் இந்த ஆபத்து ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. 148-லிருந்து 68 என்பது அப்படி இரண்டு படிகள்.

இயற்கை என்று நீங்கள் கேட்டதைப் பற்றியும் பேச வேண்டும். முதல் ஸ்டாட்டினை ஜப்பானிய அறிவியலாளர் அகிரா எண்டோ 1970-களில் பூஞ்சையிலிருந்துதான் பிரித்தெடுத்தார். மெட்ஃபார்மினின் மூலம் கலேகா என்ற பூச்செடி, ஐரோப்பாவில் பழங்கால மூலிகை. இரண்டும் இயற்கையில் பிறந்தவைதான். பிறகு அளவு நிர்ணயிக்கப்பட்டு, நச்சு நீக்கப்பட்டு, பல்லாயிரம் பேரிடம் பல ஆண்டுகள் சோதிக்கப்பட்டன. உங்கள் டப்பாக்கள் அந்தப் பாதையின் பாதியில் நிற்கின்றன.

மற்ற மூன்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பட்டை: ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண். மலிவாகக் கிடைக்கும் காசியா வகையில் கூமரின் அதிகம், அது கல்லீரலைப் பாதிக்கலாம். உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மி.கி. கூமரின் என்பதே தினமும் தாங்கும் வரம்பு, உங்களுக்கு 8.4 மி.கி. ஒரு டீஸ்பூன் காசியா தூளே அந்த அளவைத் தொட்டுவிடலாம். சமையலில் ஒரு துண்டு போடுவதில் தவறில்லை, தினமும் காப்ஸ்யூலாக வேண்டாம். குரோமியம்: உடலில் அதன் குறைபாடு இல்லாதவருக்குப் பெரிய பயன் எதுவும் நிலைநாட்டப்படவில்லை, விட்டுவிடுங்கள்.

மீன் எண்ணெய் எல்.டி.எல்.லைக் குறைக்காது, சிலருக்குச் சற்று ஏற்றவும் செய்யும். அது குறைப்பது ட்ரைகிளிசரைடை. அதற்கும் அதிலுள்ள ஒமேகா-3 கொழுப்புகளான ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டும் சேர்ந்து நாளுக்கு 2 முதல் 4 கிராம் வேண்டும். உங்கள் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் 1,000 மி.கி. என்றிருக்கும், பின்பக்கம் ஈ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120 என்றிருக்கும். சாதாரணக் காப்ஸ்யூலில் அவ்வளவுதான், 300 மி.கி. அந்தக் கணக்கில் 2 கிராமுக்கே ஏழு காப்ஸ்யூல் வேண்டும். அதிக அளவில் மீன் எண்ணெய் எடுத்தவர்களிடம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறு கூடுதலாகக் காணப்பட்டிருப்பதால், அதை நீங்களாகச் செய்யவும் வேண்டாம். உங்கள் 210, சர்க்கரை கட்டுக்குள் வந்து எடை குறைந்தாலே இறங்கக்கூடிய எண். மது அருந்தும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்துவது எந்தக் காப்ஸ்யூலையும் விட வேகமாக இறக்கும்.

நண்பர்கள் அடுத்ததாக நியாசினை (வைட்டமின் பி3) சொல்வார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். கிராம் கணக்கில் எடுத்தால் எச்.டி.எல். ஏறும், உண்மை. ஆனால் ஸ்டாட்டினோடு அதைச் சேர்த்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகளிலும், 2011-லும் 2014-லும், மாரடைப்பு குறையவில்லை. சர்க்கரை ஏறியது. உங்களுக்கு அது வேண்டவே வேண்டாம்.

சர்க்கரையைப் பொறுத்தவரை உங்களுக்கு என்னால் தாராளமாகவே பேச முடியும். எல்.டி.எல். பெரும்பகுதி கல்லீரலும் மரபணுவும் தீர்மானிப்பது, பழக்கவழக்கத்தால் ஓரளவுதான் அசையும். சர்க்கரை அப்படி இல்லை. 7.4 என்பது, நோய் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தால், எடைக் குறைப்பால் நன்றாக இறங்கக்கூடிய நிலை. பிரிட்டனில் 2017-இல் வெளியான ஆய்வில், நோய் வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்த, இன்சுலின் போடாத நோயாளிகள், மருந்தை நிறுத்திவிட்டுக் கண்காணிப்போடு கடும் கலோரிக் கட்டுப்பாடு இருந்தார்கள். ஓராண்டில் 46 சதவீதத்தினருக்கு மருந்தின்றியே எச்பிஏ1சி 6.5-க்குக் கீழே வந்தது. 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 86 சதவீதம். எந்தச் சப்ளிமென்ட்டும் இதற்கு அருகில் வந்ததில்லை. அதனால், மெட்ஃபார்மினைத் தள்ளிப்போட்டு மூன்று மாதம் எடையையும் உணவையும் மட்டும் வைத்து முயன்று பார்க்கிறேன் என்று மருத்துவரிடம் கேட்பீர்கள் என்றால், எச்பிஏ1சி 7.5-க்குக் கீழே இருப்பதால், அது நியாயமான கோரிக்கைதான். அவர் ஒத்துக்கொண்டால், தேதி குறித்து, மறுபரிசோதனையோடு செய்ய வேண்டும். பெர்பெரினை இடையில் நுழைக்கக் கூடாது, நுழைத்தால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

முதல் இலக்காக 84 கிலோவில் 6 கிலோவை எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் 150 நிமிட வேக நடையும், இரண்டு நாள் தசைக்கு எதிர்ப்புப் பயிற்சியும். ஒரே மூச்சாக நடக்க முடியாவிட்டால் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள். சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரையை அது நேராகப் பிடிக்கும்.

மெட்ஃபார்மின் எடுப்பது என்று முடிவானால் வயிற்றுக்கு வழி உண்டு. முதல் வாரமே நாளுக்கு இரண்டு என்று தொடங்கியது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கலாம். மெதுவாகக் கரையும் எக்ஸ்டெண்டட் ரிலீஸ் வகையை 500 மி.கி. மட்டும், இரவுச் சாப்பாட்டின் நடுவில் விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் கூடாது, உடைக்கவோ மெல்லவோ கூடாது. ஒரு வாரம் வயிறு அமைதியாக இருந்தால் 1,000. வயிறு முரண்டு பிடித்தால் பழைய அளவுக்கு இறங்கி இன்னும் ஒரு வாரம் காத்திருக்கலாம். வாந்தி, பேதி, கடும் காய்ச்சல் வந்து தண்ணீர் இறங்காத நாட்களில் மெட்ஃபார்மினை நிறுத்தி வைத்து மருத்துவரைக் கேளுங்கள். ஆண்டுக்கணக்கில் எடுத்தால் வைட்டமின் பி12 குறையலாம். சப்ளிமென்ட்டுக்கு நேரான வேலை இருக்கும் ஓர் இடம் இது: பரிசோதனையில் குறைவு தெரிந்தால் பி12 மாத்திரை.

இனி ஸ்டாட்டினுக்கு எப்படித் திரும்புவது என்று பார்ப்போம். சிவப்பு ஈஸ்ட் அரிசி, பெர்பெரின், பட்டை, குரோமியம் நான்கையும் இன்றே நிறுத்துங்கள். ஐந்து டப்பாக்களையும் அப்படியே மருத்துவரிடம் எடுத்துப் போய்க் காட்டுங்கள், பெயரை மட்டும் சொன்னால் போதாது. கேட்க வேண்டிய பரிசோதனைகள்: கிரியாட்டின் கைனேஸ் (தசை பாதிப்பைக் காட்டும் நொதி), கல்லீரல் நொதிகள், கிரியாட்டினினும் அதிலிருந்து கணக்கிடும் இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகத் திறன்) அளவும், சிறுநீரில் அல்புமின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., வைட்டமின் டி, பி12. இதில் டி.எஸ்.எச்.சை விட்டுவிடாதீர்கள். தைராய்டு மந்தமாக இருந்தால் எல்.டி.எல்.லும் ஏறும், ஸ்டாட்டினில் தசை வலியும் எளிதில் வரும். அதைச் சரிசெய்யாமல் மாத்திரையை மாற்றி மாற்றிப் பயனில்லை. கிரியாட்டின் கைனேஸ் பார்ப்பதற்கு முந்தைய இரண்டு மூன்று நாட்கள் கடும் உடற்பயிற்சி வேண்டாம், அதுவே அந்த எண்ணை ஏற்றிவிடும். முடி, நகத்துக்கென்று பயோட்டின் சாப்பிடுபவராக இருந்தால் பரிசோதனைக்கு முன் சொல்லிவிடுங்கள், தைராய்டு முடிவுகளை அது திரித்துக் காட்டும்.

ஸ்டாட்டின் தசை வலி பெரும்பாலும் தொடை, இடுப்பு, தோள் போன்ற பெரிய தசைகளில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும். தொடங்கிய சில வாரங்களில் வரும், நிறுத்திய இரண்டு முதல் நான்கு வாரத்தில் போகும். உங்களுடையது இந்த வர்ணனையோடு பொருந்துகிறது, அதனால் கற்பனை என்று யாரும் ஒதுக்கக் கூடாது. அதே நேரம், 2020-இல் வெளியான ஆய்வு ஒன்றையும் அறிந்துகொள்ளுங்கள். பக்கவிளைவால் ஸ்டாட்டினை விட்ட 60 பேருக்கு, சில மாதம் ஸ்டாட்டின், சில மாதம் வெற்று மாத்திரை, சில மாதம் ஒன்றுமே இல்லை என்று எது எப்போது என்று தெரியாமல் மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டாட்டின் மாதங்களில் சொன்ன தொல்லையில் 90 சதவீத அளவு வெற்று மாத்திரை மாதங்களிலும் இருந்தது. வலி உண்மைதான், வலியின் காரணம் எப்போதும் மாத்திரைக்குள் இருப்பதில்லை. முடிவைப் பார்த்தபின் அவர்களில் பாதிப் பேர் திரும்ப ஸ்டாட்டினைத் தொடங்கினார்கள்.

சிவப்பு ஈஸ்ட் அரிசியை நிறுத்தி, வலி முழுதாகப் போகும்வரை இரண்டு முதல் நான்கு வாரம் காத்திருங்கள். அந்த இடைவெளியில் மெட்ஃபார்மினை மட்டும் தொடங்கலாம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் என்பதைக் கறாராகப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு குறைந்த அளவில் ரோசுவாஸ்டாட்டின் தொடங்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பெர்பெரின் தடுக்கும் அந்த நொதியை அது பெரிதாக நம்பியிருப்பதில்லை, உடலில் நீண்ட நேரம் நிற்பதால் சிலருக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்தும் பலன் பெறலாம். நான்கு முதல் பன்னிரண்டு வாரத்தில் எல்.டி.எல்.லும் கல்லீரல் நொதியும் பார்க்க வேண்டும். இலக்கு எட்டாவிட்டால், ஸ்டாட்டின் அளவை இரட்டிப்பாக்கினால் மேலும் ஆறு சதவீதம்தான் குறையும். தசை வலி கண்டவருக்கு அதைவிட எசெடிமைப் சேர்ப்பது புத்திசாலித்தனம். எந்த ஸ்டாட்டினும் ஒத்துக்கொள்ளாமல் போனால்கூட, ஸ்டாட்டின் அல்லாத பெம்பிடோயிக் அமிலம் என்ற மாத்திரை இருக்கிறது. ஸ்டாட்டின் தாங்காதவர்களிடமே அது இதய பாதிப்புகளைக் குறைத்ததை 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதற்கும் மேல் ஊசி மருந்துகள் உண்டு. இந்த வழிகள் எல்லாம் திறந்திருக்கும்போது அளவு தெரியாத ஒரு ஸ்டாட்டினுக்குப் போக வேண்டியதில்லை.

ஸ்டாட்டின் சர்க்கரையை ஏற்றும் என்று படித்திருப்பீர்கள். சிறிதளவு ஏற்றும் என்பது உண்மை. சர்க்கரை நோய் இல்லாத 255 பேருக்கு நான்கு ஆண்டு கொடுத்தால் ஒருவருக்குக் கூடுதலாக நோய் வருகிறது என்று 2010-இல் கணக்கிட்டார்கள். ஏற்கெனவே நோய் உள்ள உங்களுக்கு எச்பிஏ1சி ஒரு துளி ஏறலாம், அதை நடையும் மெட்ஃபார்மினும் ஈடுகட்டிவிடும். 2004 ஆய்வில் 37 சதவீதம் பலன் பெற்றவர்கள் எல்லோரும் சர்க்கரை நோயாளிகள்தான்.

சப்ளிமென்ட்டில் ஒன்றைத் தொடர ஆசையென்றால் அது இசப்கோலாக இருக்கட்டும். முதல் வாரம் நாளுக்கு ஒரு டீஸ்பூன், பிறகு மெல்ல 10 கிராம் வரை, இரண்டு வேளையாகப் பிரித்துச் சாப்பாட்டுக்கு முன். ஒவ்வொரு முறையும் 250 மி.லி. தண்ணீரில் கலந்து உடனே குடித்துவிட வேண்டும். தண்ணீர் குறைந்தால் தொண்டையிலும் குடலிலும் உப்பி அடைத்துக்கொள்ளும், விழுங்கச் சிரமம் உள்ளவர்கள் தொடவே கூடாது. மாத்திரைகளை அதற்கு ஒரு மணி முன்போ இரண்டு மணிக்குப் பின்போ எடுங்கள். தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி இடைவெளி வேண்டும்.

வேறு எதை வாங்கினாலும், பல பொருட்களின் கலவை என்று மொத்த எடையை மட்டும் போட்டு ஒவ்வொன்றின் அளவையும் மறைத்திருந்தால் வாங்காதீர்கள். சர்க்கரையை ஒரே வாரத்தில் இறக்கும் மூலிகை என்று விற்கப்பட்ட சிலவற்றில் சொல்லாமல் கொள்ளாமல் கிளிபென்கிளமைடு போன்ற மருந்துகளையே கலந்திருந்ததைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்த மருந்து சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்தி மயக்கத்தில் கொண்டு விடும். மூலிகை ஒன்று நம்ப முடியாத வேகத்தில் வேலை செய்தால் சந்தேகப்பட வேண்டும்.

இந்தப் பதிலைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், எல்.டி.எல். 190-க்கு மேல் உள்ளவர்கள், இன்சுலின் போடுபவர்கள் மருந்தைத் தாமாக ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் பெர்பெரினும் ஆகாது, சிவப்பு ஈஸ்ட் அரிசியும் ஆகாது. சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போய், நாற்காலியிலிருந்து எழ முடியாத அளவு தசை பலவீனம் வந்தால் ஸ்டாட்டினையும் சிவப்பு ஈஸ்ட் அரிசியையும் உடனே நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரிது, ஆனால் தாமதித்தால் சிறுநீரகம் போய்விடும்.

வாழ்நாள் முழுக்கவா என்று கேட்டீர்கள். மெட்ஃபார்மினுக்கு, அப்படி இருக்க வேண்டியதில்லை. எடை குறைந்து, மருத்துவர் மாத்திரையை நிறுத்தி, அதன்பின் மூன்று மாதம் கழித்தும் எச்பிஏ1சி 6.5-க்குக் கீழே இருந்தால் நோய் தணிந்த நிலை என்றே மருத்துவம் ஒப்புக்கொள்கிறது. அதன்பிறகு ஆண்டுக்கு ஒருமுறையாவது பரிசோதித்தால் போதும். ஸ்டாட்டினுக்கு, பெரும்பாலும் ஆம். நிறுத்திய சில வாரங்களிலேயே எல்.டி.எல். பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். அளவைக் குறைக்கலாம், வகையை மாற்றலாம், எசெடிமைப்பையும் இசப்கோலையும் துணைக்கு வைத்து மிகச் சிறிய அளவிலேயே நிறுத்திக்கொள்ளலாம். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, எனக்குத் தேவையான மிகக் குறைந்த ஸ்டாட்டின் அளவு எது என்று கேளுங்கள்.